புது ஸ்பிரிங்

கன்னிவாடியிலிருந்து பெருமாள்மலை காட்டேஜுக்கு வேலைக்கு வந்த நாள்முதல், கார் ஷெட்டின் ஷட்டரைச் சுமலதா ஒற்றைக் கையால்தான் தூக்கினாள். அதன் கீழே உட்கார்ந்துதான் அம்மாவுக்குப் போன் செய்வாள். "சோலி லேசுதாம்மா, பயப்படாத."

ஷட்டர் கிறீச்சிடுகிறதென்று பார்க்க வந்த மெக்கானிக் சூசைமுத்து ஏணியிலிருந்து கேட்டார். "ஸ்பிரிங் ஒடைஞ்சு வருசக்கணக்காச்சு. தெனமும் கூட யாரும்மா தூக்குறா?"

"நான் மட்டுந்தாண்ணே."

"வெளையாடாத. மூணு ஆளு வேணும். மேல விழுந்தா உசுரு தங்காது."

புது ஸ்பிரிங் மாட்டினார். "இனி ஒத்த ஆளு போதும்."

மறுநாள் வெள்ளனே அவள் கை வைத்ததும் ஷட்டர் விருட்டென்று உச்சிக்கு ஏறியது. தொங்கி இழுத்தும் இறங்கவில்லை. ஷெட்டுக்குள் யாருமில்லை.

சுமலதா ஷட்டரை அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்.

"ஸ்பிரிங் மாத்தியாச்சுங்க. நீங்க கைய விடுங்க."

ஷட்டர் மெல்ல அவள் கைக்கு இறங்கி வந்தது.