தர்பூசணிப் பாப்பா

"வாயை நல்லாத் திறங்க ஐயா. இன்னும் கொஞ்சம்" என்றபடி லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு குனிந்தார் பல் டாக்டர்.

சாய்வு நாற்காலியில் கிடந்த பெரியவர், "மருமக அனுப்பினாளா?" என்று கேட்கப் பார்த்தார். வந்தது "ஆ" மட்டும்தான்.

டாக்டர் வைத்தியம் பார்க்க வரவில்லை. அவருக்கு ஸ்டாம்ப் பைத்தியம். அதிலும் குழந்தையும் பழமும் சேர்ந்திருக்கிற ஸ்டாம்ப் மட்டும்தான் சேர்ப்பார். ஆரஞ்சு உரிக்கும் சிறுமி, வாழைப்பழத்தோடு தூங்கும் பயல், கொய்யா மரத்தில் தொங்கும் வாண்டுகள் என்று ஆல்பம் ஆல்பமாக வைத்திருந்தார். பல்வலியோடு வருகிறவர்கள் முதலில் அதையெல்லாம் பார்த்து முடித்தாக வேண்டும்.

அந்தக் கூட்டத்துக்கே ராஜா, தர்பூசணிப் பாப்பா. கன்னமெல்லாம் சாறு வழிய, இடைவெளி விட்ட முன்பல் இரண்டைக் காட்டிச் சிரிக்கும். எந்த உறையிலும் ஒட்டாமல், பின்புறப் பசை கலையாமல் இருப்பது டாக்டரிடம் உள்ள ஒன்றுதான் என்று ஸ்டாம்ப் சேர்ப்பவர்கள் சங்கத்தில் பேச்சு.

நாளைக்குச் சங்கத்தின் ஸ்டாம்ப் கண்காட்சி. வருஷா வருஷம் முதல் பரிசு கைநழுவிப் போனதில் மனிதர் நொந்துபோயிருந்தார். ஸ்டாம்புக்குப் பக்கத்தில் அந்தப் பாப்பாவையே உயிரோடு கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டால், அப்புறம் எவன் அசைக்க முடியும்?

ஊரே "ஸ்டாம்ப் வீடு" என்று சொல்லும் வீடு இது. இங்கே பிறந்த பிள்ளைதான் ஸ்டாம்பில் ஏறியது என்று தெருவுக்கே தெரியும்.

"முன்பல்லுல ஒரு இடைவெளி இருக்கணுமே" என்று டாக்டர் முணுமுணுத்தார்.

பெரியவர் வாயை மூடினார். "எல்லாம் செட்டுப் பல்லு டாக்டர். கழட்டிக் காட்டட்டா?"

பாப்பாவுக்கு இருந்தது பால் பல், அது எப்போதோ விழுந்திருக்கும் என்பது அந்தப் பல் டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. அசடு வழிந்துகொண்டே காதுக்குத் தாவினார். இடது காதின் நுனி மடிந்திருந்தது. ஸ்டாம்பிலும் அப்படியே. டாக்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஃபோட்டோ எடுத்த நாள் ஞாபகம் இருக்கா ஐயா?"

"எனக்கெங்கே ஞாபகம்? அம்மா சொல்லுவாங்க. ஃபோட்டோக்காரர் எங்களை உட்கார வெச்சுப் பழத்தைக் குடுத்தாராம். எனக்குப் பிடிக்காம ஒரே அழுகையாம்."

"அப்புறம் சிரிச்சிருப்பீங்க" என்று டாக்டர் சமாதானம் செய்தார்.

"இன்னிக்கு வரைக்கும் தர்பூசணின்னா எனக்கு ஆகாது. அதை விடுங்க. முட்டி வலி, தெருவுல இறங்க முடியல. எழுதின லெட்டர் இந்த மேசையிலயே கிடக்கு. மருமககிட்ட கேட்டா நாளைக்கு, நாளைக்குங்கறா."

டாக்டர் காதில் எதுவும் ஏறவில்லை. இடுக்கியால் பூப்போல எடுத்து, ஸ்டாம்பைப் பெரியவரின் உள்ளங்கையில் வைத்தார். "உங்களுக்காகத்தான் கொண்டு வந்தேன் ஐயா. அப்படியே இருங்க, ஒரு ஃபோட்டோ எடுத்துக்கறேன்."

பெரியவர் முகம் மலர்ந்தது. "நல்லா இருப்பீங்க" என்றார்.

டாக்டர் திரும்பிப் பைக்குள் கேமராவைத் துழாவிக்கொண்டிருந்தபோது, பின்னால் 'சளப்' என்று ஒரு சத்தம். தொடர்ந்து மேசையில் ஒரு குத்து. பதறித் திரும்பினார். தர்பூசணிப் பாப்பா ஓர் உறையின் மூலையில் எச்சில் ஈரத்தோடு சிரித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "உங்க படத்தையே நக்கி ஒட்டிட்டீங்களே ஐயா..."

"என் படமா?" பெரியவர் உறையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துச் சிரித்தார். "நான்தான் அழுதேன்னு சொன்னேனே. நாங்க ரெட்டைப் பிள்ளைங்க டாக்டர். சிரிச்சுக்கிட்டே தின்னவன் அண்ணன்."

உறையை டாக்டர் கையில் திணித்தார்.

"போற வழியில பெட்டியில போட்டுடுங்க. லெட்டரே அவனுக்குத்தான்."