ஏழாவது முகம்

"இதுவும் சரியில்லையா?"

பிஸ்கோயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் புருஷன் லொந்தோப் வனைந்த முகத்தை ஆறாவது தடவையாக அழிக்கச் சொல்கிறாள் இந்த நெசவுக்காரி துயூமே. இரண்டு வருஷத்துக்கு முன் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து குடிவந்த விதவை. அங்கே செத்துப்போன புருஷனுக்கு இப்போது முகப்பானை வேண்டுமாம்.

"கன்னம் இவ்வளவு ஒட்டியிருக்காது அண்ணே. சின்ன வயசுல இருந்த மாதிரி வேணும். மூக்கு நுனி லேசா தூக்கியிருக்கும்."

லொந்தோப் மறுபடி களிமண்ணைப் பிசைந்தான்.

"இவளுக்கு ஏழு தடவை செய்வீங்க. நம்ம லென்கேக்கு ஒண்ணு செய்யக் கை வராது" என்றாள் பிஸ்கோயா.

மூன்று மாதமாக இதே சண்டைதான். கடலுக்குப் போன மகனின் நாணல்படகு மட்டும் கரை ஒதுங்கியது. உடம்பு கிடைக்காதவர்களுக்கு முகப்பானையைத்தான் புதைப்பார்கள். அதுவரை செத்தவனுக்கு இளைப்பாற இடமில்லை. லென்கேக்கு வெட்டிய குழி இன்னும் திறந்தே கிடக்கிறது.

"அவன் மூஞ்சி ஞாபகம் வரமாட்டேங்குதுடி. ஊர்ல எல்லார் மூஞ்சியும் வருது, அவனோடது மட்டும் வரல. நான் என்ன செய்ய?"



துயூமே எதுவும் காதில் விழாதவள் போல் சொல்லிக்கொண்டே போனாள். "தாடை இன்னும் சின்னதா. காது கொஞ்சம் விரிஞ்சு. ஆங், அப்படித்தான். இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும், அண்ணே. நடக்கப் பழகுறப்போ படகு விளிம்புல விழுந்தது."

எலும்புக் குச்சியால் கீறிய லொந்தோப்பின் கை அப்படியே நின்றது. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், மகன் போன பிறகு முதல்முறையாக வாய்விட்டு அழுதான்.

பிஸ்கோயா எட்டிப் பார்த்தாள். மண்ணிலிருந்து லென்கே அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"தினமும் என் வாசல்ல ரெண்டு மீன் வச்சிட்டுப் போவான், அக்கா. அந்த வெட்டுக் கதைய அவன்தான் சொன்னான்" என்றாள் துயூமே.

பிஸ்கோயா அவள் பக்கம் திரும்பினாள். "அப்போ உன் வீட்டுக்காரருக்குப் பானை?"

"அவரை என் கையால நெய்த துணியில சுத்தி நானே புதைச்சேன், அக்கா. உடம்பே குழியில இருக்கிறவருக்குப் பானை எதுக்கு?"