சட்டைப்பைகளில் கிடைத்த ஞாயிறுகள்

இந்தத் தம்பதியரின் ஒருநாள் நடையைப் பற்றிச் சொல்வதற்கு முன், கணவர் ஒரு பொய்யர் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

மணமான புதிதில் அவர் ஓராண்டு இந்தப் பெருநகரத்தில் தனியாக இருந்தார். ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில், தங்க வருவோரின் துணிகளை வெளுக்கும் பிரிவில் வேலை. அங்கே யாருக்கும் ஞாயிறு விடுமுறை கிடையாது. ஊரில் இருந்த மனைவியோ, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கெல்லாம் போகிறீர்கள் என்று ஆசையாகக் கேட்டு எழுதியிருந்தாள். எங்கும் இல்லை என்று பதில் எழுத அவருக்கு மனம் வரவில்லை. துணிகளை இயந்திரத்தில் போடுமுன் பைகளைத் துழாவும்போது கிடைத்த சுற்றுலாத் துண்டுத்தாள்களை வைத்துக்கொண்டு, வாரம் ஒன்றாக ஐம்பது ஞாயிறுகளைப் புனைந்துவிட்டார். எல்லாக் கடிதங்களும் 'இன்று கால்போன போக்கில் நடந்தேன்' என்றே தொடங்கும்.

அதன்பின் நாற்பது ஆண்டுகள் இந்த ஊர்ப்பக்கம் அவர் தலைவைத்துப் படுக்கவில்லை. இப்போது உறவினர் திருமணத்துக்கு வந்த இடத்தில், மாலை ரயிலுக்கு ஒரு முழுப்பகல் மீதமிருந்தது.

"திட்டமெல்லாம் எதுக்குங்க," என்றாள் மனைவி. "நீங்க எழுதுவீங்களே, அந்த மாதிரி கால்போன போக்கில போவோம். நீங்க முன்னால நடங்க."

வெயிலில் சாலையின் தார் இளகிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் நடந்தார். வலப்பக்கம் திரும்பினால் ஆறு வரும் என்றார். கார் நிறுத்துமிடம் வந்தது. ஆற்றைத் திருப்பிவிட்டார்கள் போலிருக்கிறது என்றார். வாத்தியக் குழு வாசித்த பூங்கா எங்கே என்று கேட்டதற்கு, இடித்துவிட்டார்கள் என்றார். பூங்காவை எப்படி இடிப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. குடையை அவர் பக்கம் சாய்த்துக்கொண்டு, ஒவ்வொரு தெருமுனையிலும் அடுத்து எங்கே என்று மட்டும் கேட்டாள். முழங்கால் வலிக்காரரை இந்த வெயிலில் இப்படியா இழுத்தடிப்பாள் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

அவருடைய கவலை முழங்காலைப் பற்றியதன்று. ஐம்பது கடிதங்களையும் அவள் இன்னும் கட்டி வைத்திருக்கிறாள். அவர்களுடைய இல்வாழ்வின் முதலாண்டு என்பதே அந்தக் கட்டுதான். அது பொய் என்று தெரிந்துவிட்டால், மீதி நாற்பது ஆண்டுகளையும் அவள் எந்தக் கண்ணால் பார்ப்பாள்?

நண்பகலில், தூண்கள் வரிசையாக நின்ற ஒரு கட்டடத்தின் படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஓரமாகச் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவரிடம், மனைவிக்குக் கேட்காதபடி, தாம் கடிதத்தில் எழுதியிருந்த அருங்காட்சியகத்துக்கு வழி கேட்டார் கணவர்.

"அதோட படியிலதான் சார் உக்காந்திருக்கீங்க," என்றார் செருப்புத் தைப்பவர், தலை நிமிராமலே.

மனைவி சிரித்த சிரிப்பில் குடை குலுங்கியது. அவரால் சிரிக்க முடியவில்லை.

"நான் இந்த ஊரைப் பார்த்ததே இல்லம்மா," என்றார். "ஒரு ஞாயித்துக்கிழமைகூட அந்த அடித்தளத்தை விட்டு மேல வந்ததில்ல. எழுதினதெல்லாம் புளுகு."

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"நாலாவது கடிதத்திலேருந்து. மிருகக்காட்சிசாலைக்குப் போனேன்னு டிக்கெட்டையும் உள்ள வச்சு அனுப்பினீங்க. அதுல பெரியவர் ரெண்டு, குழந்தைகள் மூணுன்னு போட்டிருந்துச்சு."

"அதைப் பார்த்துட்டு நீ என்ன நினைச்சே?"

"கல்யாணமாகி ரெண்டு மாசம். புருஷன் வேற ஊர்ல. என்ன நினைப்பேன்? ஒரு வாரம் பச்சைத் தண்ணி தொண்டையில இறங்கல. அந்த மூணு பிள்ளைகளுக்கும் பேர்கூட வச்சுப் பார்த்துட்டேன்."

மாலை ரயில் புறப்படுவதற்குள் சில செய்திகள் உறுதிப்பட்டன. அருங்காட்சியகத்தின் உட்புறம் உண்மையிலேயே குளுகுளுவென்று இருந்தது. அதை மட்டும் அவர் சரியாக எழுதியிருந்தார். ஆற்றை யாரும் திருப்பிவிடவில்லை. அது இடப்பக்கம் ஓடிற்று. இருவரும் அதில் கால் நனைத்தார்கள். அந்த மூன்று பெயர்களுள் ஒன்றைத்தான் அவள் பிற்பாடு தங்கள் மகனுக்கு வைத்தாள்.

இன்னொன்று. அந்த டிக்கெட்டைப் பார்த்த வாரமே அவள் சலவைப் பிரிவின் மேற்பார்வையாளருக்கு எழுதி விசாரித்திருக்கிறாள். அவரும் பதில் போட்டிருக்கிறார். அதைப் படித்த பின்பும் அவள் ஒவ்வொரு கடிதத்திலும் 'அடுத்த ஞாயிறு எங்கே' என்று தவறாமல் கேட்டதற்குக் காரணம் அந்தப் பதில்தான். அதில் இருந்தது இவ்வளவே:

"அம்மா, உங்கள் கணவர் எங்கும் போவதில்லை, எங்களோடு கீழேதான் இருக்கிறார். மதிய இடைவேளையில் உங்களுக்கு எழுதும்போது, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார். நாங்கள் பதினொரு பேரும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக் கிடப்போம். தயவுசெய்து அவரை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். எங்களுக்கும் வேறு ஞாயிறு கிடையாது."