மூலையில் மஞ்சள்

"அவ சிநேகிதியே இல்லடி, சண்டாளி!"

"முழுசாக் கேளுடி, இது சிரிப்புத் தொடரு..."

"இதுல எங்கடி சிரிப்பு வருது?"

யுத்தம் முடிந்த வருஷம் அது. அரியலூருக்கு வாரப் பத்திரிகை வந்ததும் புஷ்பவல்லி படிப்பாள். எழுத்தறியாத ரத்தினம்மாள் கேட்டுச் சிரிப்பாள். இந்த வாரக் கதையில், ஒருத்தி தன் தோழிக்கு வந்த காதல் கடிதத்தை மாற்றிப் படித்துக் காட்டிவிட்டு, அவனைத் தானே வளைத்துக்கொள்கிறாள்.

"கதையைக் கேட்டு அழுவாங்களாடி? கண்ணைத் தொடைச்சுக்க. தையில என் கல்யாணத்துக்கு நீதான் தோழிப் பொண்ணா நிக்கணும்."

"மாப்பிள்ளை செட்டிகுளம்தானே?"

"தெரியாத மாதிரி கேக்குறியே. உன்னை வேணாம்னவருதான். என்மேல கோவமா?"

ரத்தினம்மாள் பெட்டியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். வைகாசியில் அந்த மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தது. பெண் வேண்டாம் என்று எழுதியிருப்பதாகப் படித்துச் சொன்னவளும், சரியென்று பதில் எழுதிப் போட்டவளும் புஷ்பவல்லிதான்.

கடிதத்தின் நான்கு மூலைகளையும் ரத்தினம்மாள் விரலால் தடவினாள்.

"எனக்கு எழுத்து தெரியாது, புஷ்பம். அன்னிக்கு அழுத கண்ணுக்கு இதுவும் தெரியல. பொண்ணு வேணாம்னு எழுதுற கடுதாசிக்கு எவடி மூலையில மஞ்ச தடவுவா?"