காலர் கிழிசல்

"இவளுக்கு டி.சி. குடுத்து அனுப்பினாத்தான் எம்பொண்ணு உருப்படுவா, டீச்சர்!"

தலைமை ஆசிரியை அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகத் தையல்காரம்மா பொரிந்து தள்ளினாள். கடையிலிருந்து ஓடிவந்த வேகத்தில் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைக்கூடக் கழற்றவில்லை. பெத்த வயிறு, என்ன செய்யும்?

சுவரோரம் இரண்டு பெண்கள். ஒருத்தி அவள் மகள். இன்னொருத்தி, பள்ளிக்கூடமே 'முரடி' என்று கூப்பிடும் கிராப்புத் தலைக்காரி.

"உங்க பொண்ணு காம்பவுண்டு சுவத்து மேல ஏறிட்டு இருந்திருக்கா. இவ கீழ நின்னு ஏத்தி விட்டிருக்கா. வாட்ச்மேன் கண்ணால பார்த்திருக்கார்" என்றார் தலைமை ஆசிரியை. "வெளிய வேலைவெட்டி இல்லாத கூட்டம் ஒண்ணு வண்டியோட காத்துட்டு நின்னுச்சாம்."

"பார்த்தீங்களா! சகவாசம் எவ்வளவு தூரம் கெடுத்திருக்குன்னு நான் அளந்தே காட்டுறேன். எப்பப் பார்த்தாலும் இவகூட மல்லுக்கட்டிட்டுக் காலரைக் கிழிச்சுக்கிட்டுத்தான் வீட்டுக்கு வருவா. தச்சுத் தச்சு எனக்குக் கை ஓய்ஞ்சு போச்சு. இன்னிக்கும் பாருங்க!"

மகளைப் பிடித்துத் திருப்பினாள். பின்கழுத்தில் காலர் பிய்ந்து தொங்கியது.

"என்ன முரடி, என்ன சொல்றே?"

"நான்தான் டீச்சர் ஏத்தி விட்டேன்." தலை நிமிரவில்லை.

மகள் வாயே திறக்கவில்லை.

தலைமை ஆசிரியை பேனாவை எடுத்தார்.

தையல்காரம்மாவின் விரல் மட்டும் கிழிசலை விட்டு நகரவில்லை. பழக்கதோஷம். துணி எப்படிக் கிழிந்தது என்று பார்க்காமல் அவள் கை சும்மா இருக்காது. காலர் கீழ்நோக்கிப் பிரிந்திருந்தது. முன்னால் கழுத்துப் பட்டன் தெறித்துப் போயிருந்தது.

"கொஞ்சம் இருங்க டீச்சர்." குரல் இறங்கிவிட்டது. "ஏத்தி விடுறவ காலரை எதுக்குப் பிடிக்கப் போறா?"

பேனா நின்றது.

"ஏண்டி, வாயைத் திறடி. இவ உன்னை ஏத்தியா விட்டா?"

மகள் உடைந்து அழுதாள். "இல்லம்மா... போகாதடின்னு கீழ இழுத்தா. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் இழுப்பா."

"அப்புறம் நீ ஏம்மா பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டே?" என்றார் தலைமை ஆசிரியை.

முரடி மூக்கை உறிஞ்சினாள். "என்னை அனுப்பினா நான் சுவத்துக்கு வெளிய நின்னாவது தடுப்பேன். உண்மையச் சொன்னா இவளை வேற ஸ்கூலுக்கு அனுப்பிருவீங்க. அங்க போயிட்டா இவளை யார் டீச்சர் இழுக்குறது?"

தலைமை ஆசிரியை பேனாவை மூடி வைத்தார்.

"எம்பொண்ணுக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க டீச்சர். இவங்க ரெண்டு பேரையும் மட்டும் பிரிச்சிடாதீங்க."

தையல்காரம்மா முரடியின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"காலருக்கு இனிமே ரெட்டைத் தையல் போட்டு அனுப்புறேன் கண்ணு. நீ பயப்படாம நல்லா இழு!"