மூணு தபா அறுந்த படம்

முதல் தடவை படம் அறுந்தபோது கெங்கம்மாள் லேசாகக் கழுத்தைத் திருப்பினாள். கௌரியம்மாள் அத்தை அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"முன்னாடி பாருடீ. நாலு பேரு பாத்துகினு இருக்காங்க."

முன்னாடி பார்க்க என்ன இருக்கிறது? வெறும் வெள்ளைத் திரை. கொட்டகை முழுக்க விளக்கு எரிந்தது. இடுப்பளவு மண் சுவருக்கு அந்தப் பக்கம் ஆம்பிளைகள் விசிலடித்தார்கள்.

அவள் படம் பார்க்க வரவில்லை. படம் ஓட்டுகிறவனைப் பார்க்க வந்திருந்தாள்.

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு காலத்தில் நாடகம் நடந்த கொட்டகை அது. ராஜபார்ட் நின்று பாடிய மேடையில் இப்போது திரை கட்டியிருந்தார்கள். பின்பக்கம் தகரம் அடித்த மிஷின் அறை. தகரத்தில் ஒரு சதுர ஓட்டை. அந்த ஓட்டைக்குப் பின்னால்தான் சிங்காரம் இருந்தான். ஆர்.கே.பேட்டைக்காரன். அவளுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை.

நூலுக்கே ரேஷன் வந்த வருஷம். வீட்டில் தறி பாதி நாள் சும்மா கிடந்தது. மாசச் சம்பளக்கார மாப்பிள்ளை என்றதும் நைனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கெங்கம்மாள்தான் பிடித்த பிடியை விடவில்லை. முகத்தைப் பார்க்காமல் தலையாட்ட மாட்டேன் என்றுவிட்டாள்.

அக்கா வள்ளியம்மாள் பார்க்காமல்தான் தலையாட்டினாள். மணவறையில் நிமிர்ந்தபோதுதான் மாப்பிள்ளைக்கு நைனாவின் வயது என்று தெரிந்தது. அன்று அக்கா அழுத அழுகை இன்னும் கெங்கம்மாளின் காதை விட்டுப் போகவில்லை.

பெண் போய் மாப்பிள்ளை பார்ப்பதா? தெரிந்தால் அம்மையார்குப்பமே மூக்கில் விரலை வைக்கும். அதனால் கிருத்திகைக்கு மலையேறுகிற சாக்கில் நைனாவோடு வண்டி கட்டி வந்து, அத்தை வீட்டில் இறங்கி, அத்தையோடு முதல் ஆட்டத்துக்கு வந்தாள். ஆட்டம் விட்டுப் போனதும் நைனாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பெண்கள் வாசலில் சீட்டு கிழிக்கிற முனியன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அம்மையார்குப்பமாம்மா?" என்று கேட்டுவிட்டு மிஷின் அறைப் பக்கம் விடுவிடுவென்று போனான். அப்போது அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

இடைவேளையில் சோடா குடிக்க வெளியே வருவான், அப்போது நன்றாகப் பார்த்துக்கொள் என்பதுதான் அத்தையின் திட்டம்.

இடைவேளையும் வந்து போயிற்று. மிஷின் அறைக் கதவு திறக்கவே இல்லை.

அப்புறம் இரண்டாம் தடவை அறுந்தது. இந்த முறை அத்தையின் கிள்ளலையும் மீறிப் பாதி திரும்பிவிட்டாள். ஓட்டைக்குள் கும்மிருட்டு.

கொட்டகை காத்துக் கிடந்தது. ஒரு முழுப் பாட்டு பாடி முடிக்கிற நேரமாகியும் ஒட்டின பாடில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தறியில் இழை அறுந்தால் கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போடுகிற கை அவளுடையது. ஒரு பிலிமை ஒட்ட இவ்வளவு நேரமா? கைவேலை தெரியாத இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுவது? நைனாவிடம் சொல்ல வேண்டிய 'வேணாம்' நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.

மூன்றாம் தடவை அறுந்தபோது படத்தில் ராஜகுமாரி அழுதுகொண்டிருந்தாள். ஆம்பிளைகள் ஆபரேட்டரின் பரம்பரையையே இழுத்துப் பேசினார்கள்.

கெங்கம்மாள் எழுந்து நின்றாள்.

அத்தை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவள் உட்காரவில்லை. திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஓட்டையை நேருக்கு நேர் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்வதானாலும் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். பெண்கள் பக்கம் குசுகுசுவென்று பேச்சு கிளம்பியது. பேசட்டுமே! அவள் கண் கொட்டவில்லை.

இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

விளக்கு அணைந்தது. அதற்கப்புறம் படம் ஓரிடத்திலும் அறுந்துபோகாமல் 'சுபம்' வரைக்கும் ஓடியது.

பெண்கள் வாசல் மிஷின் அறையை ஒட்டி இருந்தது. முனியன் அரிக்கேன் விளக்கோடு நின்று போகிறவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கோச்சுக்காதீங்கம்மா. ஏழு மாசமா ஓட்றாரு, ஒரு நாளும் அறுந்ததில்ல. இன்னிக்கின்னு பாத்து..."

அவன் காலடியில் மூன்று துண்டு பிலிம் கிடந்தது. கெங்கம்மாள் குனிந்து எடுத்தாள். பிய்ந்த முனையை நறுக்கி எறிந்துவிட்டுத்தான் ஒட்டுவார்கள் என்றும், அந்தத் துண்டுகள்தான் இவை என்றும் முனியன் சொன்னான்.

அவள் ஒவ்வொன்றாக விளக்கில் காட்டிப் புரட்டினாள்.

அறுந்த இழை பிசிறடிக்கும். வெட்டின இழை பிசிறடிக்காது. இதை நெசவுக்காரர் மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்று துண்டுகள். ஆறு முனைகள். ஆறும் கத்தரிக்கோல் போட்ட நேர் வெட்டு. பிய்ந்த முனை என்று ஒன்றுகூட இல்லை.

படம் அறுந்தால்தானே கொட்டகையில் விளக்கு எரியும்! முதல் தடவை அவளுடைய காதுத் தோடு மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கும். இரண்டாம் தடவை பாதி முகம். மூன்றாம் தடவை... அட கள்ளா! அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. வந்த சிரிப்பை உதட்டைக் கடித்து அடக்கினாள்.

"வாடீ, உங்க நைனா காத்துகினு இருப்பாரு. என்னான்னு சொல்லப்போற?" என்றாள் அத்தை.

கெங்கம்மாள் மூன்று துண்டுகளையும் இடுப்பில் செருகிக்கொண்டு, நேராகப் போய் மிஷின் அறைக் கதவைத் தட்டினாள்.

"அவரு மூணு தபா பாத்துட்டாரு அத்த. நான் ஒரு தபா பாத்துட்டு வரேன்."