காரணம் என்ற கட்டம்

பிரபஞ்சம் தோன்றுவதற்குக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை என்று உறுதியாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் பிறகு சட்டமும் மாறியது. விபத்துகளும் காரணமில்லாமல் நடக்கலாம் என்று அரசு ஏற்றுக்கொண்டது.

தோல் ஆலையின் கொதிகலன் வெடித்து இறந்த ஏழு பேரில் கயல்விழியும் ஒருத்தி. அவளுடைய தாய் அமுதவல்லியிடம் விபத்துப் பதிவு அலுவலர் சாம்ராஜ் அறிக்கையை நீட்டினார். காரணம் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று இருந்தது.

“கொதிகலன்ல விரிசல் இருக்குன்னு என் பொண்ணு மூணு மாசமா சொல்லிட்டிருந்தா சார்.”

“இருந்திருக்கலாம்மா. அதனாலதான் வெடிச்சுதுன்னு சொல்ல முடியாது. உலகமே சும்மா வந்ததுதானே.”

“உலகம் சும்மா வந்திருக்கலாம். என் பொண்ணு சும்மா சாகல. விசாரிங்க.”

“நான்தான் காரணம்னு யாராவது பேர் எழுதிக் கொடுத்தாதான் விசாரணை. ஆலைக்காரங்க கொடுக்கல.”

கொதிகலன் வெடித்த அன்று வேலைக்குப் போகப் பயந்த மகளை வற்புறுத்தி அனுப்பியவள் அமுதவல்லிதான். பேனாவை வாங்கி, ‘இல்லை’ என்பதை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள்.

“அம்மா, வழக்கு உங்க மேலதான் வரும்.”

“வரட்டும் சார். அங்க கொதிகலனைப் பத்திக் கேட்டுத்தானே ஆகணும்.”

வழக்கு ஒரே நாளில் முடிந்தது. காரணம் கையெழுத்தோடு கிடைத்துவிட்டதால் வேறு எதையும் ஆராய வேண்டியதில்லை என்றார் நீதிபதி. ஏழு மரணங்களுக்கும் சேர்த்து அவளுக்குப் பதினான்கு ஆண்டு சிறை விதித்தார்.

மற்ற ஆறு குடும்பங்களும் வாசலில் காத்திருந்தன. இத்தனை நாளும் யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருந்தவர்கள் அவர்கள். காவலர்கள் அமுதவல்லியை வெளியே அழைத்து வந்ததும், மகனை இழந்த ஒருத்தி முன்னால் வந்து அவள் முகத்தில் காறித் துப்பினாள்.